தீவுக் களப்பணியும் காமிரா வில்லைகளும்: நிலைக்குவியம், மாறுகுவியம் – ஓர் ஒப்பீடு

அறிவியல் களப்பணியில் புகைப்படம் இன்று அளவு நாடாவையும் குறிப்பேட்டையும் போன்ற ஓர் இன்றியமையாத கருவியாகிவிட்டது. காட்டிற் கண்ட செடியையும், கரையில் ஏறிய ஆமையையும், கடல் அரித்த நிலத்தையும் சொற்களால் மட்டும் விவரித்தல் போதாது. ஆயினும் எடுக்கப்பட்ட படம் பின்னாளில் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை முன்னரே எண்ணி, அதற்கேற்ற வில்லையைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் பரவவில்லை. கையிற் கிடைத்த வில்லையால் எடுத்த படம் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஐந்தாண்டு கழித்து வேறொரு படத்துடன் ஒப்பிட முற்படும்போதுதான் அதன் குறை தெரியவரும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இக்குறை பெரிதும் உணரத்தக்கது. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தில், ஓரிடத்திற்கு ஒருமுறை சென்றவர் மீண்டும் அங்குச் செல்லப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். பெரும்பாலும் வேறொருவரே அடுத்த முறை செல்வார். ஆதலின் முன்னவர் எடுத்த படம் பின்னவருக்குப் பயன்படும் வகையில் அமைதல் வேண்டும். இந்நோக்கில், ஆடியற்ற காமிராக்களுக்குக் கிடைக்கும் இருவகை வில்லைகளின் தன்மைகளையும், அவை தீவுக் களப்பணிக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை வில்லைகள்

வில்லையின் முதன்மையான பண்பு அதன் குவியத் தூரம் ஆகும். வெகுதொலைவிலுள்ள பொருளின் பிம்பம் தெளிவாக விழும்போது, வில்லையின் ஒளியியல் மையத்திற்கும் பிம்பத் தளத்திற்கும் இடையேயுள்ள தூரமே குவியத் தூரம் என எளிமையாகக் கூறலாம். இது மில்லிமீட்டரில் குறிக்கப்படும். குவியத் தூரம் குறுகினால் காட்சியின் அகலம் பெருகும். நீண்டால் அகலம் சுருங்கித் தொலைப்பொருள் பெரிதாகத் தோன்றும்.

குவியத் தூரம் மாறாத வில்லையைப் புகைப்படக்காரர்கள் ‘பிரைம் லென்ஸ்’ என்பர். இங்கு அது நிலைக்குவிய வில்லை எனப்படும். 35 மி.மீ., 50 மி.மீ., 100 மி.மீ. என ஒரே எண்ணால் இது குறிக்கப்படுகிறது. ஒரு வளையத்தைத் திருப்புவதால் குவியத் தூரத்தை விருப்பம்போல் மாற்றத்தக்க வில்லை ‘ஜூம் லென்ஸ்’ ஆகும். இங்கு அது மாறுகுவிய வில்லை எனப்படும். 24–70 மி.மீ., 100–400 மி.மீ. என இரண்டு எண்களால் இது குறிக்கப்படும்.

நிலைக்குவிய வில்லையில் கண்ணாடித் துண்டுகள் குறைவு. வடிவமைப்பவர் ஒரே ஒரு குவியத் தூரத்திற்கு மட்டும் பிழைகளைத் திருத்தினாற் போதும். மாறுகுவிய வில்லையிலோ கண்ணாடித் தொகுதிகள் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பிம்பம் தெளிவாயிருத்தல் வேண்டும். இக்கடினத்தாலேயே, 35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தும் நிழற்படக் காமிராவிற்கான முதல் மாறுகுவிய வில்லை 1959-ஆம் ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. ‘சூமார்’ எனப்பட்ட 36–82 மி.மீ. வில்லை அது, ஃபிராங்க் பேக் என்பவர் வடிவமைத்து, ஃபோய்க்லண்டர் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. அக்காலத்தில் மாறுகுவிய வில்லையின் படம் மங்கலானது என்ற கருத்து நிலவியது. கணிப்பொறியின் துணையால் வில்லைகள் வடிவமைக்கப்படும் இந்நாளில் அவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. எனவே, தெளிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு இவ்விரண்டையும் தரம் பிரித்தல் இன்று பொருந்தாது.

ஓர் எளிய கணக்கு

குறிப்பிட்ட தூரத்தில் எவ்வளவு அகலமான காட்சி படத்தில் அடங்கும் என்பதை மாணவரும் கணக்கிடலாம். காமிராவின் உணரியினது அகலத்தைப் பொருளின் தூரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். முழு அளவு உணரியின் அகலம் 36 மி.மீ. ஆகும். 50 மி.மீ. வில்லையுடன் 10 மீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால், 36 × 10 ÷ 50 = 7.2 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். படத்தின் அகலத்தில் 6,000 படப்புள்ளிகள் இருப்பின், ஒரு புள்ளி 1.2 மி.மீ. அளவைக் குறிக்கும். அதனினும் நுண்ணிய விவரத்தை அப்படத்தில் தேடுதல் வீண்.

உணரி சிறியதாயின் அதே வில்லை குறுகிய காட்சியையே தரும். 23.5 மி.மீ. அகலமுள்ள உணரியில் மேற்கண்ட காட்சி 4.7 மீட்டராகக் குறையும், 17.3 மி.மீ. அகலமுள்ளதில் ஏறக்குறைய 3.5 மீட்டராகும். ஆதலின் ‘50 மி.மீ. வில்லையால் எடுத்தது’ என்று மட்டும் குறிப்பெழுதுதல் போதாது. காமிராவின் பெயரையோ உணரியின் அளவையோ உடன் குறித்தல் வேண்டும்.

இதே கணக்கைப் பெரிய பொருளுக்கும் பயன்படுத்தலாம். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே கடலில் நிற்கும் பாரன் தீவு, இந்தியாவில் இன்று செயற்படும் எரிமலையாக அறியப்பட்டது. நெடுங்கால அமைதிக்குப் பின் 1991-இல் மீண்டும் கனன்றது. இத்தீவின் குறுக்களவு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் தொலைவில் செல்லும் கப்பலிலிருந்து தீவு முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமாயின், முழு அளவு உணரிக்கு 35 மி.மீ. வில்லை தேவை என்பது கணக்கால் விளங்கும். எரிமலை வாயை மட்டும் பெரிதாகக் காண வேண்டுமாயின் 200 அல்லது 300 மி.மீ. தேவைப்படும். கப்பலின் தூரம் நமது விருப்பத்திற்கு உட்பட்டதன்று. ஆகவே இங்கு மாறுகுவிய வில்லையே உதவும்.

ஆடியற்ற காமிராவின் இயல்பு

முன்னைய ஒற்றை வில்லை மறிப்புக் காமிராவில், வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே சாய்ந்த ஆடி ஒன்று இருந்தது. அது எழுந்து மடங்க இடம் தேவைப்பட்டதால், வில்லை பொருந்தும் வளையம் பிம்பத் தளத்திலிருந்து பெரும்பாலும் 40 மி.மீ.-க்கு மேற்பட்ட தூரத்தில் அமைந்தது. 2008-ஆம் ஆண்டு முதல் பரவிய, வில்லை மாற்றத்தக்க ஆடியற்ற காமிராக்களில் அவ்வாடி நீக்கப்பட்டது. தூரமும் 16 முதல் 20 மி.மீ. அளவிற்குக் குறைந்தது. உணரியில் விழும் பிம்பத்தையே சிறு மின்திரையில் பார்த்துப் படமெடுக்கலாம்.

இதனால் களப்பணியாளருக்கு மூன்று விளைவுகள் உண்டு. முதலாவது, அடர்ந்த காட்டின் மங்கிய ஒளியிலும் காட்சியைத் திரையில் பிரகாசமாகக் காணலாம். இரண்டாவது, இடையில் ஓர் இணைப்பு வளையத்தைப் பொருத்திப் பழைய காமிராக்களின் வில்லைகளைப் பயன்படுத்தலாம். பள்ளியிலோ அலுவலகத்திலோ பயனற்றுக் கிடக்கும் பழைய 50 மி.மீ. வில்லை இவ்வாறு மீண்டும் பணிக்கு வரும். மூன்றாவது விளைவு எச்சரிக்கைக்குரியது. வில்லையைக் கழற்றியவுடன் உணரி வெளிப்படுகிறது. சில காமிராக்களில் மட்டுமே ஷட்டர் மூடி அதனை மறைக்கிறது. அலை தெறிக்கும் டோங்கிப் படகில் வில்லையை மாற்றினால் உப்புத்துளி நேரே உணரியிற் படும்.

ஒளி குறைந்த இடங்கள்

வில்லையின் துவாரம் எவ்வளவு அகலத் திறக்கும் என்பதை எஃப் எண் குறிக்கிறது. எண் சிறியதாயின் துவாரம் பெரிது. உள்ளே நுழையும் ஒளி இவ்வெண்ணின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். எஃப்/4 வில்லையை விட எஃப்/1.8 வில்லை ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை ஏற்கும். முன்னதற்கு 1/30 வினாடி தேவைப்படுமிடத்தில் பின்னதற்கு 1/150 வினாடி போதும். காற்றில் அசையும் இலையும் கிளையில் தலையைத் திருப்பும் பறவையும் 1/30 வினாடியில் மங்கிவிடும். 1/150 வினாடியில் பெரும்பாலும் தெளியும்.

குறைந்த விலையில் பெரிய துவாரத்தைத் தருவது நிலைக்குவிய வில்லையின் சிறப்பு. எஃப்/1.8 அளவுள்ள 50 மி.மீ. வில்லை பல நிறுவனங்களின் வரிசையில் மலிவானவற்றுள் ஒன்று; அதன் எடை பெரும்பாலும் 200 கிராமிற்கு உட்பட்டது. எஃப்/2.8 அளவே உள்ள 24–70 மி.மீ. மாறுகுவிய வில்லையோ பல மடங்கு விலையும் முக்கால் கிலோகிராம் அளவு எடையும் உடையது.

இச்சிறப்பு எங்கே பயன்படும்? அந்தமானின் பசுமைமாறாக் காடுகளில் நண்பகலிலும் தரையில் ஒளி குறைவு. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளில் அது இன்னும் குறைவு. கலாதியா விரிகுடாவிலும் சிறிய அந்தமானின் கரைகளிலும் முட்டையிட வரும் ஏழுவரி ஆமை இரவிலேயே கரையேறுகிறது. வெள்ளொளி பட்டால் அது முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். எனவே மின்னொளி விளக்கை அங்குப் பயன்படுத்தலாகாது. இவ்வாமையின் தலையுச்சியில் இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று உண்டு. அதன் வடிவம் ஆமைக்கு ஆமை வேறுபடுவதால், தனித்தனி ஆமையை அடையாளங் காண்பதற்கு அதன் படம் உதவுகிறது. ஆமை முட்டையிட்டு முடிக்கும் தறுவாயில், மங்கிய செவ்வொளியில், அசைவின்றி அப்புள்ளியைப் பதிவுசெய்யப் பெரிய துவாரமுள்ள நிலைக்குவிய வில்லையே தக்கது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பகலொளியில் கரையையோ தோட்டத்தையோ படமெடுக்கும்போது, அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாயிருக்க எஃப்/8 போன்ற சிறிய துவாரமே பயன்படுத்தப்படும். அந்நிலையில் எஃப்/1.8 வில்லையும் எஃப்/4 வில்லையும் ஒரே அளவு ஒளியையே ஏற்கின்றன. பெரிய துவாரத்திற்குக் கொடுத்த விலை அங்குப் பயன் தருவதில்லை.

அணுக இயலாத பொருள்கள்

‘தேவையானால் இரண்டடி முன்னே செல்லலாம், எனவே மாறுகுவியம் வேண்டுவதில்லை’ என்று நிலைக்குவிய வில்லையை விரும்புவோர் கூறுவதுண்டு. சமநிலத்தில் இது பொருந்தும். ஆனால் தீவுகளில் இரண்டடி முன்னே சேறாகவோ, கடலாகவோ, செல்லத் தடைவிதிக்கப்பட்ட நிலமாகவோ இருக்கலாம். அன்றியும், முன்னே நடந்தால் பொருள் பெரிதாவதோடு காட்சியின் தோற்றமே மாறுகிறது. முன்னுள்ள மரமும் பின்னுள்ள குன்றும் கொண்டிருந்த அளவுத் தொடர்பு வேறாகிவிடும். நின்ற இடத்திலிருந்தே குவியத் தூரத்தை மாற்றினால் அத்தொடர்பு மாறுவதில்லை. நிற்குமிடம் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. வில்லை எல்லையைத் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை ஆசிரியர்கள் மாணவருக்கு இரண்டு படங்களின் வாயிலாக எளிதில் காட்டலாம்.

உலகில் நார்கொண்டாம் என்னும் சிறு தீவில் மட்டுமே வாழும் நார்கொண்டாம் இருவாட்சியை எடுத்துக்கொள்வோம். கனிந்த அத்தி மரத்தில் அது ஒரு கணம் அருகிலும் மறுகணம் உச்சியிலும் அமரும். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பறவை 30 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்க. 400 மி.மீ. வில்லையில் படத்தின் அகலம் 2.7 மீட்டர், பறவை படத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும். 50 மி.மீ. வில்லையிலோ 21.6 மீட்டர் அகலத்தில் அது ஒரு புள்ளியாகத் தோன்றும். 400 மி.மீ. நிலைக்குவிய வில்லை பெரிய துவாரத்துடன் கிடைக்கிறது. ஆயினும் அதன் எடையும் விலையும் சாதாரணக் களப்பணிக்கு ஒவ்வாதவை. 100–400 மி.மீ. மாறுகுவிய வில்லை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராமில் முடிந்துவிடுகிறது. பறவை முதலில் எங்கே உள்ளது என்பதை 100 மி.மீ. நிலையில் கண்டு, பின்னர் 400 மி.மீ. நிலைக்குச் செல்லும் வசதியும் அதற்கு உண்டு.

மீண்டும் மீண்டும் எடுக்கும் படம்

இனி, மாறுகுவிய வில்லையின் வசதியே குறையாக மாறும் இடத்தைக் காண்போம். ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சியை ஆண்டுதோறும் படமெடுத்து மாற்றத்தை அளத்தல் எளிய, செலவற்ற, நம்பத்தக்க முறையாகும். இம்முறையின் உயிர்நாடி, முதற்படமும் இறுதிப்படமும் ஒரே அளவுத்திட்டத்தில் இருத்தலே.

ஒப்பிடத்தக்க படம் என்னும் கருத்து இத்தீவுகளுக்குப் புதியதன்று. 1879-இல் அந்தமானியர் விவகாரப் பொறுப்பை ஏற்ற மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1890-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் மியூசியத்திற்காகப் பெருந்தொகுதியாகப் புகைப்படங்களை எடுத்தார். அளவு தெரியும்பொருட்டுக் கட்டமிட்ட திரையைப் பின்னணியாக வைத்து மக்களை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தார். 1896-இல் மானிடவியலாருக்கான புகைப்படக் கலை பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அழகினும் துல்லியமே வேண்டற்பாலது என்பது அதன் சாரம். அவருடைய முறை ஒழுங்கானது. ஆயினும் அது ஆளப்பட்ட மக்கள் மீது ஆண்டவர் செலுத்திய அதிகாரத்தினின்று பிறந்தது. பெரிய அந்தமானியரின் தொகை 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆகவும், 1961-இல் 19 ஆகவும் இருந்தது என்பதை அப்படங்களைக் காண்போர் நினைவிற் கொள்ளுதல் தகும். முறையின் ஒழுங்கு இன்று நிலத்திற்கும் கடலுக்கும் பயன்படட்டும்.

அப்பயன் எத்தகையது என்பதை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம் உணர்த்தியது. அன்று வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவழப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்விளைந்த வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்ததால், கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள்ளாயிற்று. எழுச்சியும் தாழ்ச்சியும் எங்கெங்கு நேர்ந்தன என்பதை முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர் வரையறுத்தனர். ஓர் ஓடையின் கரை, ஒரு பள்ளியின் பின்புறம், ஒரு படகுத்துறை ஆகிய சிறிய இடங்களின் மாற்றத்தைக் காட்டுவதற்கோ நிலத்திலிருந்து எடுத்த படமே தேவை. தாழ்ந்த வயல்களில் புதிதாகக் கண்டல் மரங்கள் வளர்வதையும், உயர்ந்த கரைகளில் பழைய கண்டல்கள் பட்டுப்போவதையும் இம்முறையால் ஆண்டுக்காண்டு அறியலாம்.

இங்கு மாறுகுவிய வில்லையால் நேரும் பிழையைப் பாருங்கள். முதலாண்டில் 35 மி.மீ. நிலையில் ஒரு கண்டல் மரம் படமெடுக்கப்பட்டது. அதன் உயரம் 5 மீட்டர். அடுத்த ஆண்டு வளையம் சற்றே நகர்ந்து 38 மி.மீ. நிலையில் இருந்தது. மரம் சிறிதும் வளராவிடினும், பழைய அளவுத்திட்டத்தால் அளப்பவருக்கு அது 5.43 மீட்டராகத் தோன்றும். ஓராண்டில் 43 செ.மீ. வளர்ச்சி என்று அறிக்கையில் ஏறிவிடும். வளையத்தில் பொறித்த எண்களுக்கு இடைப்பட்ட நிலைகளைக் கண்ணால் சரியாக அமைத்தல் அரிது. படக்கோப்பில் காமிரா தானே எழுதிவைக்கும் குவியத் தூரமும் தோராயமானதே. 35 மி.மீ. நிலைக்குவிய வில்லையில் இப்பிழைக்கு இடமில்லை. யார் எடுத்தாலும், எந்த ஆண்டில் எடுத்தாலும் அளவு ஒன்றே.

மாறுகுவிய வில்லை மட்டுமே உள்ளவர் மனந்தளர வேண்டுவதில்லை. வளையத்தை அதன் ஏதேனும் ஒரு கோடிக்கு, அதாவது 24–70 மி.மீ. வில்லையாயின் 24-க்கோ 70-க்கோ, முழுவதும் திருப்பி அங்கேயே பயன்படுத்தினால் அது நிலைக்குவிய வில்லையைப் போன்றே நடந்துகொள்ளும். வளையம் நழுவாமலிருக்க ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டலாம். காட்சியில் அளவு தெரிந்த கோல் ஒன்றை ஒவ்வொரு முறையும் நாட்டுதல், எவ்வகை வில்லையாயினும் சிறந்த காப்பு.

இன்னொரு நுட்பமும் உண்டு. இக்கால மாறுகுவிய வில்லைகளில் பல, காட்சியின் ஓரங்களில் நேர்கோட்டைச் சற்று வளைக்கின்றன. ஆடியற்ற காமிரா அவ்வளைவைக் கணக்கிட்டுத் தானே நிமிர்த்திப் படமாக்குகிறது. நிலைக்குவிய வில்லைகளிலும் இது ஓரளவு உண்டு. பார்வைக்குக் குற்றமில்லை. ஆனால் அளவெடுக்கும் பணியில் ஓராண்டு திருத்திய படமும் மறு ஆண்டு திருத்தாத படமும் கலந்துவிடலாகாது. அளக்க வேண்டிய பொருளைக் காட்சியின் நடுவில் அமைத்தலும் நன்று.

கடலடியில்

வண்டூரை ஒட்டி 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் பவழப் பாறைகளைப் பதிவுசெய்யும் பணி தனித்தன்மை உடையது. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கடல்நீர் வெப்பமுற்றதால் இத்தீவுகளின் பவழங்கள் வெளிறின. எத்துணைப் பரப்பு வெளிறியது, எத்துணை மீண்டது என்பதை அறிய, அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து நேர்மேலிருந்து படமெடுப்பர். காமிராவைச் சட்டத்துடன் கால்களால் இணைத்துவிட்டால் தூரம் மாறாது. வில்லையும் நிலைக்குவியமாயின் அளவும் மாறாது.

நீர் ஒளியை, சிறப்பாகச் செந்நிறத்தை, விரைவில் உறிஞ்சுகிறது. கலங்கல் துகள்கள் தெளிவைக் கெடுக்கின்றன. ஆதலின் அகன்ற கோணமுள்ள வில்லையுடன் பொருளை நெருங்கி எடுத்தலே சிறந்தது. தட்டையான கண்ணாடி முகப்புள்ள நீர்க்காப்புப் பெட்டியில், ஒளிவிலகல் காரணமாகக் கோணம் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்காகச் சுருங்கும். குவிமாட முகப்பு இக்குறையை நீக்கும். நீருக்கடியில் வில்லையை மாற்ற இயலாது என்பதால், கண்டதைப் பதிவுசெய்யும் பொதுவான மூழ்குதலுக்கு மாறுகுவியமும், சட்டமிட்டு அளக்கும் மூழ்குதலுக்கு நிலைக்குவியமும் பொருந்தும்.

உப்பும் ஈரமும்

ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை பெய்யும் இத்தீவுகளில் வில்லையின் முதற்பகை பூஞ்சை. கண்ணாடித் துண்டுகளுக்கிடையே சிலந்தி வலைபோற் படரும் பூஞ்சை, மேற்பூச்சை அரித்துவிட்டால் பின்னர் நீக்கினும் வடு மறையாது. நீண்டு குறுகும் வகையைச் சேர்ந்த மாறுகுவிய வில்லை, ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது; காற்றோடு ஈரமும் உப்பும் தூசும் நுழைகின்றன. உள்ளேயே நகரும் அமைப்புள்ளவற்றிலும் நிலைக்குவிய வில்லைகளிலும் இது குறைவு. எனினும், நிலைக்குவிய வில்லைகள் இரண்டு மூன்றைக் கொண்டு சென்று அடிக்கடி மாற்றுபவர், அவ்வழியே காமிராவிற்குள் ஈரத்தை அனுமதிக்கிறார். படகிலும் மழையிலும் ஒரே வில்லையுடன் இருந்துவிடுதலே விவேகம். மாற்ற வேண்டுமாயின் கூரையின் கீழ், காமிராவை நிறுத்தி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுதல் வேண்டும்.

பணி முடிந்ததும், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வில்லையின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தல் வேண்டும். நீலநிறச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். தோல் உறையில் நெடுநாள் வைத்தல் பூஞ்சையை வளர்க்கும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே கொணரும்போது, மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்து வெளிவெப்பத்திற்குப் பழக்கினால் வில்லையின் மேல் நீர் பனிக்காது.

தேர்வும் பதிவும்

மேற்கூறியவற்றால் ஒரு முடிவு பெறப்படுகிறது. எவ்வகை வில்லை சிறந்தது என்பது பொருளற்ற வினா. மீண்டும் ஒப்பிட வேண்டிய படத்திற்கும் ஒளி குறைந்த இடத்திற்கும் நிலைக்குவிய வில்லை. அணுக இயலாத, முன்னறிய முடியாத பொருளுக்கும், வில்லையை மாற்ற இயலாத சூழலுக்கும் மாறுகுவிய வில்லை. இரண்டே வில்லைகளை வாங்க இயலுமாயின், பயணத்திற்கு நடுத்தர எல்லையுள்ள ஒரு மாறுகுவிய வில்லையும், நிலையான இடங்களில் எடுக்க 35 அல்லது 50 மி.மீ. அளவுள்ள ஒரு மலிவான நிலைக்குவிய வில்லையும் போதும். பறவைப் பணி உள்ளவர் மட்டும் நெடுங்குவிய மாறுகுவிய வில்லையை நாடலாம்.

எந்த வில்லையாயினும் ஒவ்வொரு படத்திற்கும் நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, தரையிலிருந்து காமிராவின் உயரம், காமிராவின் பெயர், குவியத் தூரம், எஃப் எண், ஓதத்தின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். ஓத நிலையைக் குறியாத கரைப்படம் பெரும்பாலும் பயனற்றது; ஏற்றத்தில் எடுத்ததையும் இறக்கத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டால் கடல் முன்னேறியதாகவோ பின்வாங்கியதாகவோ பொய்த்தோற்றம் உண்டாகும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு தொடர்பணியாகவே மேற்கொள்ளலாம். பள்ளிக்கு அருகிலுள்ள கரையிலோ ஓடையிலோ அசையாத பாறை அல்லது கட்டடத் திண்ணை ஒன்றைத் தேர்ந்து, அதில் காமிரா வைக்குமிடத்தை வண்ணத்தால் குறித்து, ஒவ்வோராண்டும் ஒரே மாதத்தில், ஒரே ஓத நிலையில், ஒரே குவியத் தூரத்தில் ஒரு படம் எடுக்கச் செய்யலாம். ஒரு வகுப்பு முடித்துச் செல்லும்போது அடுத்த வகுப்பு அக்குறிப்பேட்டைப் பெற்றுக்கொள்ளும். கணக்கும் நிலநூலும் உயிரியலும் ஒருங்கே பயிலும் வாய்ப்பு இது.

படமெடுக்கும் உரிமையின் எல்லையையும் அறிந்திருத்தல் கடமை. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2012-இல் செய்யப்பட்ட அதன் திருத்தமும் ஜாரவா முதலிய மக்களின் ஒதுக்கிடங்களைக் காக்கின்றன. அவ்வொதுக்கிடத்தின் ஊடே செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் வண்டியிலிருந்து அம்மக்களைப் படமெடுத்தல் குற்றமாகும். நெடுங்குவிய வில்லை தூரத்தைக் குறைக்கிறது, உரிமையைத் தருவதில்லை.

இத்தீவுகளின் கரைகள் இன்னும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. அடுத்த பெரிய மாற்றம் எப்போது, எங்கே நிகழும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அது நிகழ்ந்தபின் அதற்கு முந்தைய படத்தை எடுக்கவும் இயலாது. குறித்த இடத்தில், குறித்த குவியத் தூரத்தில் இன்று எடுத்துக் குறிப்புடன் வைக்கப்படும் ஒரு படமே நாளைய ஆய்வாளருக்கு முதல் அளவுகோலாக அமையும்.